மோகன் பகான் பிறந்தது மைதானத்திலா? வடக்கு கொல்கத்தா தெருக்களில் ஒரு தேடல்

இழையைத் தொடங்கிய கேள்வி | 3 ஜூன் 2023

"ஜூன் 1 முதல் ஏடிகே என்ற ஒட்டு (இணைந்த இன்னொரு அணியின் பெயர்) போய், மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் என்று பெயர் மாறிவிட்டது. இனியாவது வரலாற்றை ஒழுங்காகப் பேசலாம். ஆசியாவிலேயே பழைய கால்பந்து கிளப் இதுதான். 1889 ஆகஸ்ட் 15, அதாவது சுதந்திரத்துக்கு 58 வருஷம் முன்னால் அதே தேதியில், கொல்கத்தா மைதானத்தில் (ஊர் நடுவிலுள்ள பெரிய திறந்தவெளி), வெள்ளைக்காரனை எதிர்த்து ஆரம்பித்தார்கள். கொல்கத்தாவில் இருக்கும் தமிழர்கள் யாராவது அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா?"

4 ஜூன் 2023, காலை

தேதி சரி. மற்ற மூன்றும் தகராறு: பழைய கிளப், மைதானம், வெள்ளைக்காரன்.

நான் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு: கொல்கத்தாவில் காலையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஃபில்டர் காபித் தூளும் தேடிப் போகிற இடம். மோகன் பகான் பிறந்த பேட்டை இதற்கு நேர் எதிர்த்திசையில், ஊரின் வடக்கு மூலையில். ஞாயிறுகளில் போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

4 ஜூன், இரவு

முதலில் "ஆசியாவிலேயே பழைய" என்பதை முடித்துவிடுகிறேன்.

கொல்கத்தாவில் கால்கட்டா எஃப்சி 1872இல் தொடங்கியது. ஆனால் அவர்கள் ஆடியது ரக்பி. ஆட ஆள் குறைந்து கடையைக் கட்டியபோது, வங்கியில் கிடந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்கிற கால்கட்டா கோப்பை அதுதான். பின்னாளில் அதே பெயரில் கால்பந்துக்குத் திரும்பினார்கள். அதை 1872 என்று கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. டல்ஹௌசி கிளப் 1878. இவை வெள்ளைக்காரர் கிளப்புகள், சேர்க்கமாட்டேன் என்றால், ஆரியன்ஸ் தங்கள் வருஷம் 1884 என்கிறார்கள். ஷோபாபஜார் கிளப்பும் 1880களில் இருந்தது.

ஆக, இன்றைக்கும் உச்சத்தில் ஆடிக்கொண்டிருக்கிற ஆசிய கிளப்புகளில் மிகப் பழையவற்றில் ஒன்று என்று சொன்னால் சண்டை இல்லை. "மிகப் பழையது" என்றால் ஆரியன்ஸ் ஆள் ஒருவர் எங்கிருந்தாவது வந்துவிடுவார்.

11 ஜூன், ஞாயிறு

காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் நேராக ஷியாம்பஜார். வெளியே வந்தால் ஐந்து சாலை சந்திப்பு, குதிரை மேல் நேதாஜி. அங்கிருந்து பாக்பஜார் பக்கம் போகும் அகலமான சாலைக்குப் பெயர் பூபேன் போஸ் அவென்யூ. தினமும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கிற பெயர். அந்த பூபேந்திரநாத் போஸ்தான் கிளப்பின் முதல் தலைவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

கிளையாகப் பிரிகிற சந்துகளில் ஒன்று பலராம் கோஷ் தெரு. 14ஆம் எண் வீடு பூபேந்திரநாத்துடையது. 1889 ஆகஸ்ட் 15 அன்று கூடியது அங்கேதான். மைதானம் இங்கிருந்து பல கிலோமீட்டர் தெற்கே கிடக்கிறது. ஒரு வக்கீல் வீட்டுக் கூடத்தில், நாற்காலி போட்டு, தலைவர் செயலாளர் எல்லாம் தேர்ந்தெடுத்துப் பிறந்த கிளப் இது. தலைவர் பூபேந்திரநாத், செயலாளர் ஜதீந்திரநாத் பாசு. அணித் தலைவராக மணிலால் சென். இந்தப் பெயர்களைப் பார்த்தாலே கதை பாதி புரிந்துவிடும். ஃபரியாபுகூர் வட்டாரத்தில் மூன்று பெரிய குடும்பங்கள்: போஸ் (பாசு என்றும் எழுதுவார்கள்), மித்ரா, சென். கிளப் என்பது அப்போது இந்த மூன்று வீட்டுக்காரர்களும் அவர்களைச் சுற்றியிருந்த பையன்களும். அதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஸ்டூடன்ட்ஸ் யூனியன் என்று ஒரு குழு இருந்து உடைந்து போயிருந்தது. அந்தப் பையன்களுக்கு ஒரு கூரை தேவைப்பட்டது.

தெரு இப்போதும் அந்தக் காலத்து அகலம்தான். பச்சை மரச்சட்டம் வைத்த ஜன்னல்கள், வாசலில் ரோக் என்று இவர்கள் சொல்கிற திண்ணை, அதில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். ஸ்கூட்டர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

12 ஜூன்

வீட்டைப் படம் எடுத்துப் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறீர்கள். போடுவதாக இல்லை. குடும்பங்கள் வாழ்கிற தெரு. எதிர் வீட்டுப் பாட்டி வடாம் மாதிரி எதையோ காயப்போட்டுக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் கைபேசியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை.

12 ஜூன், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, அதனால் ஒரு கிளைக்கதை. இந்த பூபேந்திரநாத் போஸ் நம் ஊர்க்காரர்களுக்கு அறிமுகமாகியிருக்க வேண்டிய ஆள். 1914இல் காங்கிரஸ் மாநாடு சென்னையில் நடந்தபோது தலைமை வகித்தவர் இவர்தான். அந்த மாநாட்டுப் பந்தலுக்கு ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். காங்கிரஸ் வரலாற்றில் அது புதுசு. போர் தொடங்கிய வருஷம், ராஜவிசுவாசம் பேசிய மேடை.

கேள்வி கேட்டவருக்கு இது ஒரு துப்பு. வெள்ளைக்கார ஆளுநரை மாநாட்டுக்கு வரவேற்கிற மிதவாதியான ஒருவர், 25 வருஷம் முன்னால் வெள்ளைக்காரனை எதிர்த்து ஒரு கிளப் தொடங்கியிருப்பாரா?

18 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு மோகன் பகான் சந்து.

கீர்த்தி மித்ரா என்பவருக்கு ஃபரியாபுகூரில் பளிங்கு போட்ட தோட்ட மாளிகை இருந்தது, மோகன் பகான் வில்லா. அதைச் சுற்றியிருந்த புல்வெளியில்தான் பையன்கள் ஆடினார்கள். கிளப்புக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். முதல் ஆட்டமும் அங்கேயேதான், ஈடன் இந்து ஹாஸ்டல் மாணவர்களோடு. அதாவது எதிரணியும் வங்காளிப் பையன்கள். ரெஜிமென்ட்டும் இல்லை, துரையும் இல்லை.

மாளிகை இன்று இல்லை. தோட்டமும் இல்லை. மனை பிரித்து வீடு கட்டியாயிற்று. மோகன் பகான் லேன், மோகன் பகான் ரோ, கீர்த்தி மித்ரா லேன் என்று தெருப்பலகைகள் மட்டும். ஃபரியாபுகூர் தெருவுக்கே இப்போது சிவதாஸ் பாதுரி தெரு என்று பெயர். 1911இல் ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கோப்பையை வென்ற அணியின் தலைவர். பழைய ஆட்கள் இன்னும் ஃபரியாபுகூர் என்றுதான் சொல்கிறார்கள், நாம் மவுண்ட் ரோடு என்பதுபோல.

நான் சந்துகளின் வளைவை வைத்து மாளிகையின் எல்லை எதுவரை இருந்திருக்கும் என்று நடந்து பார்த்தேன். தெரியவில்லை, வெயிலில் தலைதான் சுற்றியது. டீக்கடையில் மண் கோப்பையோடு உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர், நான் பலகைகளைப் படித்துக்கொண்டே திரிவதைப் பார்த்திருக்கிறார். எந்தக் கட்சி என்றார். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு இரண்டே பதில்தான் உண்டு, மோகன் பகான் அல்லது ஈஸ்ட் பெங்கால். தாதா, நான் சென்னைக்காரன், சென்னையின் எஃப்சி என்று தப்பிக்கப் பார்த்தேன்.

"அது டீம். கிளப்புக்கு ஒரு பாடா வேணும். உங்க டீமோட பாடா எது?"

பாடா என்றால் பேட்டை. என்னிடம் பதில் இல்லை. வியாசர்பாடி என்று சொல்லியிருக்கலாம், அங்கே சந்துக்குச் சந்து கால்பந்துதான். ஆனால் வியாசர்பாடிக்கும் அந்த அணிக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்து கேட்டிருப்பார்.

19 ஜூன்

"அப்போ அது பணக்காரர் கிளப்பா?" என்று கேட்டிருக்கும் தம்பிக்கு: ஆமாம். தோட்டம் மித்ராவுடையது, கூடம் போஸுடையது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

21 ஜூன்

பெயர் மாற்றத்தில் ஆரம்பித்த இழை என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். தொடங்கும்போது அதன் பெயர் மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப். முதல் ஆண்டு விழாவுக்கு பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் எஃப். ஜே. ரோ வந்தார். இங்கே தூண்டில் போட்டு மீன் பிடிப்பது உண்டா, துப்பாக்கி சுடுவது உண்டா என்று விசாரித்திருக்கிறார். இல்லை என்றார்கள். அப்படியானால் அத்லெட்டிக் கிளப் என்று வையுங்கள் என்றார். வைத்துவிட்டார்கள். வெப் என்ற சக பேராசிரியரோடு சேர்ந்து இந்திய மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் எழுதிய மனிதர், வாத்தியார் புத்தி எங்கே போகும்.

ஏடிகே வேண்டாம் என்று ரசிகர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். முதல் பெயர் மாற்றம் ஒரு வாத்தியாரின் ஒற்றை வாக்கியத்தில் நடந்திருக்கிறது. மோகன் பகான் தொடங்கி இரண்டே வருஷத்தில், 1891இல் வந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கை யாரும் மீன் பிடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பெயரோடேயே 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து கல்கத்தா லீகை வென்றார்கள்.

25 ஜூன், ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. அதனால் "வெள்ளைக்காரனை எதிர்த்து" என்பதைப் பார்க்கலாம்.

ஆரம்பகால மோகன் பகானில் கட்டுப்பாடு கடுமை. பீடி, சுருட்டு, சாராயம் கூடாது. பரீட்சையில் தவறினால் அணியில் இடம் கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு கால்பந்து கிளப் தெரியவில்லை, ஹாஸ்டல் வார்டன்தான் தெரிந்தார். வங்காளிகள் உடம்பு வளையாதவர்கள், குமாஸ்தா வேலைக்குத்தான் லாயக்கு என்று துரைமார் எழுதிக்கொண்டிருந்த காலம். பையன்களைத் திடமாக, ஒழுக்கமாக வளர்க்க வேண்டும் என்பதுதான் பெரியவர்களின் கவலை. அதற்குள்ளே ஒரு ரோஷம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது கொடி பிடிக்கிற ரோஷம் இல்லை.

எதிர்ப்பு என்று பார்த்தால், அந்தக் காலத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிகிற ஆள் மோகன் பகானைச் சேர்ந்தவரே இல்லை, நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. 1877இல், ஹேர் பள்ளிப் பையனாக இருந்தபோது, கங்கைக் குளியலுக்குப் போகிற வழியில் சிப்பாய்கள் பந்து ஆடுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்கி, தன் பக்கம் உருண்டு வந்த பந்தை உதைத்தாராம். இந்தியக் கால்பந்தின் முதல் உதை என்று அதைச் சொல்வார்கள். அது இருக்கட்டும். அவர் தொடங்கிய வெலிங்டன் கிளப்பில் மணி தாஸ் என்ற குயவர் வீட்டுப் பையனைச் சேர்க்கப் போனபோது மேல்சாதிக்காரர்கள் முடியாது என்றார்கள். நாகேந்திர பிரசாத் கிளப்பையே கலைத்துவிட்டு ஷோபாபஜார் ராஜ குடும்பத்தின் துணையோடு புதிதாக ஒன்றைத் தொடங்கினார். அதில் மணி தாஸ் இருந்தார். அந்த ஷோபாபஜார்தான் 1892இல் டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டைத் தோற்கடித்தது. வெள்ளைக்கார அணியை இந்தியர் வென்ற முதல் கதை 1911இல் தொடங்கவில்லை.

இதே மணி தாஸ் பின்னால் மோகன் பகானுக்கு ஆடினார். மூன்று குடும்பத்துக் கிளப்புக்குள் வெளி ஆட்கள் நுழைந்த கதையை யாராவது தனியாக எழுத வேண்டும். எனக்கு அதுதான் உண்மையான தொடக்க வரலாறு என்றுகூடத் தோன்றுகிறது.

26 ஜூன்

"நீங்கள் ஈஸ்ட் பெங்கால் ஆள், அதனால் மட்டம் தட்டுகிறீர்கள்." இல்லை ஐயா. நான் எந்தப் பக்கமும் இல்லை. என் வீட்டு உரிமையாளர் ஈஸ்ட் பெங்கால், என் மேலதிகாரி மோகன் பகான். எந்தப் பக்கம் பேசினாலும் எனக்குத்தான் நஷ்டம்.

9 ஜூலை

ஷியாம்புகூர் தெரு. 1885இல் ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றோடு சிகிச்சைக்காகத் தங்கியிருந்த வீடு இந்தத் தெருவில்தான். பக்தர்கள் அதைத் தேடி வருகிறார்கள். நான் கால்பந்துத் திடலைத் தேடி வந்தேன் என்றதும் வழி சொன்னவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்த்தார்.

மித்ராவின் தோட்டத்துக்குப் பிறகு கிளப்புக்கு இடம் கொடுத்தவர் மகாராஜா துர்காசரண் லாஹா. ஷியாம்புகூரில் அவருடைய திடல். பிறகு மாநகராட்சிக்குச் சொந்தமான ஷியாம் ஸ்கொயர். அது இன்றும் பூங்காவாக இருக்கிறது. நாலு பக்கமும் வீடுகள், துர்கா பூஜைக்குப் பந்தல் போடுகிற இடம். ஓங்கி ஒரு ஷாட் அடித்தால் யார் வீட்டு ஜன்னலாவது போகும். இங்கே பயிற்சி எடுத்தவர்கள் குட்டைப் பாஸில் கெட்டிக்காரர்களானது ஆச்சரியமில்லை என்று எழுத ஆசை, ஆனால் அது என் கற்பனை.

1900 வாக்கில் மைதானத்துக்கு இறங்குகிறார்கள். அதுவும் தனியாக இல்லை, பிரசிடென்சி கல்லூரியின் திடலில் பங்கு. கல்லூரிப் பையன்கள் ஆடாத நேரத்தில் இவர்கள். அந்தக் காலத்தில் செயலாளராக வந்தவர் சுபேதார் மேஜர் சைலேன் பாசு. பட்டாளத்து மனிதர், பட்டாளத்துப் பயிற்சி. பலன் சீக்கிரமே தெரிந்தது: 1904இல் கூச் பெஹார் கோப்பை. அடுத்த வருஷம் சின்சுராவில் கிளாட்ஸ்டன் கோப்பையில் டல்ஹௌசியை 6-1. 1906 முதல் தொடர்ந்து மூன்று வருஷம் டிரேட்ஸ் கோப்பை.

10 ஜூலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறைத்தது. மித்ராவின் தோட்டம், லாஹாவின் திடல், மாநகராட்சியின் பூங்கா, பிரசிடென்சியின் பாதி. இன்றைக்கு இருக்கிற மைதானம்? அது ராணுவத்தின் நிலம். அதனால்தான் அங்கே கிளப் கட்டடத்தை இன்றும் டென்ட் என்கிறார்கள். நிரந்தரக் கட்டடம் எழுப்பும் உரிமை யாருக்கும் இல்லை, மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் எல்லாருக்கும் அதே கதி.

ஆக, 130 வருஷத்துக்கு மேல் சொந்த மண் இல்லாத கிளப். பெயர்கூட இன்னொருவர் வீட்டின் பெயர். அந்த வீடு இடிந்த பிறகும் கிளப் அந்தப் பெயரை விடவில்லை. ஏடிகே என்ற மூன்றெழுத்துக்கு ஏன் அத்தனை பேர் கொதித்தார்கள் என்பது இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. அவர்களிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பழைய பெயர்.

11 ஜூலை

"ஓவர் சென்டிமென்ட்" என்று ஒருவர். இருக்கலாம். பிராண்ட் மதிப்புக்காகவும் கொதித்திருக்கலாம். நான் பார்த்த ஆட்கள் யாரும் பிராண்ட் என்று பேசவில்லை.

29 ஜூலை, சனி

இன்று மோகன் பகான் தினம். பிறந்த நாளைக் கொண்டாடுவதைவிட இந்த நாளைத்தான் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். 1911இல் இதே ஜூலை 29, அதுவும் சனிக்கிழமைதான். கால்கட்டா எஃப்சி மைதானத்தில் ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதி ஆட்டம், எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்.

மைதானத்துக்குப் போனேன். எஸ்பிளனேடிலிருந்து நடந்தால் கிளப் டென்ட்டுகள் வரிசையாக வரும். ஈடன் கார்டன்ஸ் பக்கம் கோஷ்ட பால் சிலை. 1911 அணியில் அவர் இல்லை, அடுத்த வருஷம்தான் சேர்ந்தார், சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் எடுத்தவர். கூட்டம் நெரிசல். பச்சை, மெரூன். நான் வேண்டுமென்றே வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

அந்த ஷீல்டுக்குப் போன வழி: செயின்ட் சேவியர்ஸ் 3-0, ரேஞ்சர்ஸ் 2-1, ரைஃபிள் பிரிகேட் 1-0, அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோடு 1-1, மறு ஆட்டத்தில் 3-0. இறுதியில் எதிரணியின் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் முதல் கோல் போட, சிவதாஸ் பாதுரி சமன் செய்ய, முடியப் போகிற நேரத்தில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டது ஒரே ஒருவர், சுதிர் சாட்டர்ஜி. கிறிஸ்தவப் பாதிரியார். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். ஆட்டம் தெரியாத தொலைவில் நின்றவர்களுக்கு ஸ்கோரை எழுதிப் பட்டம் விட்டார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்காகத் தனி ரயில், தனி ஸ்டீமர்.

கேள்வி கேட்டவர் மனதில் இருக்கிற மோகன் பகான் இதுதான். மைதானம், வெறுங்கால், வெள்ளைக்காரன் தோல்வி. 1911இன் பளபளப்பு பின்னோக்கி ஓடி 1889க்கும் பூசப்பட்டுவிட்டது. அந்த மூன்று குடும்பத்தார் வீட்டுக் கூடத்தில் கூடியபோது இப்படி ஒரு நாளைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷீல்டை வென்ற அணிக்குக் கல்கத்தா லீகின் முதல் டிவிஷனில் இடம் கிடைத்தது 1915இல்தான். லீகை முதல்முறை வென்றது 1939இல், ஐம்பதாவது வருஷத்தில்.

30 ஜூலை

"மோகன் பகான் ஜெயித்த பயத்தில்தான் தலைநகரை டில்லிக்கு மாற்றினான்." இதை மூன்றாவது ஆள் எழுதிவிட்டார். அறிவிப்பு 1911 டிசம்பர் 12 தர்பாரில் வந்தது, சரி. ஆனால் உள்துறை உறுப்பினர் ஜென்கின்ஸ் தலைநகரை மாற்றச் சொல்லிக் குறிப்பு எழுதியது ஜூன் மாதம். ஷீல்டுக்கு முன்னால். வங்காளப் பிரிவினைக்கு எதிராக 1905 முதல் ஊர் கொதித்துக்கொண்டிருந்ததே, அதுதான் காரணம். ஏகாதிபத்தியத்தை ஒரு ஃபார்வர்டு லைன் நகர்த்திவிட்டது என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

30 ஜூலை, இரவு

ஆனால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும், உண்மையோ பொய்யோ: 1911 ஆட்டம் முடிந்து வரும்போது ஒரு பெரியவர் சுதிர் சாட்டர்ஜியிடம் வில்லியம் கோட்டை மேல் பறக்கும் யூனியன் ஜாக்கைக் காட்டி, இதை எப்போது இறக்குவீர்கள் என்றாராம். அடுத்த தடவை மோகன் பகான் ஷீல்டு ஜெயிக்கும்போது என்று பதில் வந்ததாம். யார் பதில் சொன்னது என்பதில் ஆளுக்கொரு பாடம். மோகன் பகான் அடுத்து ஷீல்டு வென்றது 1947இல். எதிரணி ஈஸ்ட் பெங்கால்.

13 ஆகஸ்ட்

நேற்று டுராண்ட் கோப்பையில் டெர்பி, அதாவது இரண்டு உள்ளூர் எதிரிகளின் மோதல். யுவ பாரதி ஸ்டேடியத்தில் ஈஸ்ட் பெங்கால் 1-0. கோல் போட்டது நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். நாலரை வருஷமாக டெர்பியில் ஜெயிக்காமலே இருந்த கிளப்புக்கு ஒரு தமிழன் விடிவு கொடுத்திருக்கிறான். காலையில் வீட்டு உரிமையாளர் மிஷ்டி (இனிப்பு) டப்பாவோடு மாடி ஏறி வந்தார். நான் என்னவோ கிராஸ் போட்டுக் கொடுத்த மாதிரி கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தலைப்பை விட்டு விலகுகிறேன், தெரியும். ஆனால் ஈஸ்ட் பெங்காலுக்கும் தெற்கத்தி ஆட்களுக்கும் பழைய உறவு உண்டு. 1949 முதல் 1953 வரை அவர்களுடைய முன்வரிசை ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்பார்கள்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஒருவர்கூட வங்காளி இல்லை. பிற்பாடு நம்ம ராமன் விஜயனும் குலோத்துங்கனும் அந்தச் சட்டையைப் போட்டவர்கள்.

மேலதிகாரியிடமிருந்து செய்தி எதுவும் இல்லை.

15 ஆகஸ்ட், செவ்வாய்

கிளப்பின் பிறந்த நாள். 1889இல் அது வியாழக்கிழமை, சாதாரண வேலை நாள். 1947இல் அதே தேதி வாய்த்தது மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்ததால். போஸ் வீட்டில் கூடியவர்களுக்கு அதில் பங்கில்லை.

விடுமுறை என்பதால் எதிர்க்கட்சியின் பிறப்பிடத்தையும் பார்த்துவிட்டேன், சமநீதி வேண்டுமல்லவா. 1920 ஜூலை 28, கூச் பெஹார் கோப்பையில் ஜோராபகானும் மோகன் பகானும் ஆடின. ஜோராபகான் அணி சைலேஷ் போஸை வெளியே உட்கார வைத்தது. கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் என்று அதன் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். நாலே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் என்ற புது கிளப். அங்கேயும் தொடக்கம் மைதானத்தில் இல்லை, வடக்கு கொல்கத்தாவில்தான். ஒரு ஆள், ஒரு கோபம், ஒரு வாரம். மோகன் பகானின் தொடக்கத்தைவிட இதில் நாடகம் அதிகம்.

சிவப்பு மஞ்சள் சட்டை கிடைத்த இடம் சௌரங்கியில் வைட்அவே லெய்ட்லா கடை என்பார்கள். கட்டடம் இன்றும் எஸ்பிளனேடில் நிற்கிறது, மெட்ரோபாலிடன் பில்டிங் என்ற பெயரில், உச்சியில் குவிமாடத்தோடு. சென்னைக்காரர்களுக்கு ஒரு கொசுறு: நம் மவுண்ட் ரோட்டில் விஜிபி விக்டரி ஹவுஸ் இருக்கிறதே, அதுவும் இதே கம்பெனி கட்டிய கடைதான்.

4 செப்டம்பர்

நேற்று டுராண்ட் இறுதி. மோகன் பகான் 1-0, பெட்ராடோஸ் கோல். வீட்டு உரிமையாளர் மாடிக்கு வரவில்லை. மேலதிகாரி அலுவலகத்தில் எல்லாருக்கும் இறால் கட்லெட் வாங்கினார். மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், இது இங்கே சட்டம்.

கட்லெட்டைத் தின்றுகொண்டே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், 1911 அணியின் பாதுரி சகோதரர்கள் கிழக்கு வங்காளம் ஃபரித்பூர்க்காரர்கள், கோஷ்ட பாலும் ஃபரித்பூர்தான் என்று சொல்லிவைத்தேன். ஒரு நிமிஷம் மேஜையில் சத்தமே இல்லை. பிறகு, "அப்போது ஈஸ்ட் பெங்கால் பிறக்கவே இல்லையே, வேறு எங்கே போவார்கள்?" என்றார். அதற்கு என்னிடம் மறுப்பு கிடையாது.

10 செப்டம்பர்

பூஜை விடுமுறைக்கு வருகிறேன், ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும், பூஜை நாட்களில் மட்டும் வேண்டாம். ஷியாம்பஜார் பக்கம் காலை வைக்க இடம் இருக்காது. வேறு நாளில் காலை ஏழு மணிக்கு ஷியாம்பஜார் மெட்ரோவில் இறங்குங்கள். பூபேன் போஸ் அவென்யூ, பலராம் கோஷ் தெரு, ஷியாம்புகூர் தெரு, ஷியாம் ஸ்கொயர், அப்புறம் மோகன் பகான் சந்து. எல்லாம் நடக்கிற தூரம். மதியம் ஐந்து சாலை முனையில் கோல்பாரியில் பரோட்டாவும் கோஷா மாங்ஷோவும் (ஆட்டுக்கறி வறுவல் குழம்பு), நன்றாக எண்ணெய் மிதக்கும், எச்சரிக்கிறேன். பிறகு மெட்ரோ பிடித்து எஸ்பிளனேட். மைதானத்தைக் கடைசியில் வையுங்கள். கிளப் அங்கே வந்து சேர்ந்ததும் கடைசியில்தான்.

10 செப்டம்பர், சற்றுமுன்

எதிர்பார்த்தபடியே ஆரியன்ஸ் ஆள் வந்துவிட்டார். 1884, துக்கிராம் மஜும்தார், மோகன் பகானுக்கு ஐந்து வருஷம் மூத்தது என்று நாலு பத்தி எழுதியிருக்கிறார். ஐயா, ஜூன் 4 இரவுக் குறிப்பைப் படியுங்கள், உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். மேற்கொண்டு சண்டை வேண்டுமென்றால் தனி இழை திறக்கவும். துக்கிராம் பாபுவைப் பற்றி என்றால் நானே வந்து உட்காருகிறேன்.